கோல்ஃபில் பதினெட்டுக் குழி வரை கவனம் கலையாமல் ஆடுவது எப்படி

முழு ரவுண்டும் கவனமாக இருக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு முதல் டீயில், அதாவது குழியின் முதல் அடியை அடிக்கும் மேட்டில், ஏறாதீர்கள். பதினெட்டுக் குழி ஆட நாலு மணி நேரம் ஆகும். முன்னால் மெதுவான ஃப்ளைட் (சேர்ந்து ஆடும் குழு) இருந்தால் நாலரையும் தாண்டும். அவ்வளவு நேரம் யாருடைய மனமும் ஒரே இறுக்கத்தில் நிற்காது. நிறுத்திப் பார்ப்பவர்கள் ஆறாவது ஏழாவது குழியிலேயே களைத்துவிடுகிறார்கள். பதிமூன்றாவது குழியில் எந்த அயர்னை (இரும்புத் தலை ஸ்டிக்கை) எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

நான் எழுதுவது மலேசியாவின் கெடாவில் பெடோங் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளப்பில் ஆடியும் சொல்லிக்கொடுத்தும் பழகியது. ஒன்பது குழித் திடல். சுற்றிலும் செம்பனை, ஒரு பக்கம் மட்டும் இன்னும் பால்மரம். வடமேற்கே குனுங் ஜெராய் மலை. தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமை காலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளும், என் அண்ணன் மகனைப் போல வேலைக்குப் போகும் இளைஞர்களும் என்னோடு ஆட வருகிறார்கள். அவர்கள் ஸ்விங்கில் குறை சொல்ல முடியாது. முதல் ஒன்பதில் 42 அடித்துவிட்டுப் பின் ஒன்பதில் 53 அடிப்பார்கள். அந்தக் கூடுதல் பதினோரு அடிக்குக் காரணம் கையில் இல்லை, தலையில் இருக்கிறது. இது அவர்களுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும்.

நாற்பது வினாடி

முதலில் ஒரு கணக்கு. 2019-இல் மாற்றி எழுதப்பட்ட கோல்ஃப் விதிகள், தடையில்லாமல் ஆட முடிகிற நேரம் வந்ததிலிருந்து 40 வினாடிக்குள் பந்தை அடித்துவிடும்படி பரிந்துரைக்கின்றன. நீங்கள் 90 அடியில் முடிப்பவர் என்றால், தொண்ணூறு தடவை நாற்பது வினாடி, மொத்தம் 3,600 வினாடி. சரியாக ஒரு மணி நேரம். மிச்சமுள்ள மூன்று மணி நேரமும் நடை, காத்திருப்பு, பந்து தேடல், பேச்சு. உங்களுக்குத் தேவை நாற்பது வினாடிக் கவனம், தொண்ணூறு தடவை. ஒவ்வொரு தடவையும் அதற்குள் போகவும் அதிலிருந்து வெளியே வரவும் தெரிய வேண்டும்.

என் அம்மா பால் வெட்டியவர். இருட்டிலேயே பெரட்டு (வேலைக்குப் பேர் கொடுக்கும் கூட்டம்), தலையில் விளக்கு, நிரை நிரையாக ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வரை. மரத்தின் முன்னால் நின்று கத்தியை வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து நிற்பார். அந்தச் சில வினாடிகள் அம்மாவிடம் யாரும் பேச முடியாது. வெட்டி முடித்து பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கும்போது பக்கத்து நிரைக்காரியோடு கோயில் திருவிழா, பிள்ளைகளின் காய்ச்சல், கடை பாக்கி எல்லாம் பேசுவார். அடுத்த மரம் வந்ததும் பேச்சு பாதியில் நிற்கும். கடைசி மரத்தின் வெட்டும் முதல் மரத்தின் வெட்டும் ஒன்றாகவே இருக்கும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான்: நடக்கும்போது விடு, மரத்துக்கு வந்ததும் எடு.

பெரிய ஆட்டக்காரர்களில் லீ டிரவினோ, கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் ஆறு பட்டம் வென்றவர். கூட ஆடுபவர்களோடும் வேடிக்கை பார்ப்பவர்களோடும் ஓயாமல் பேசுவதில் பெயர் பெற்றவர். பேச்சினால் அவர் ஆட்டம் கெடவில்லை. பந்தின் பக்கத்தில் வந்ததும் அதை நிறுத்தத் தெரிந்திருந்தது.

உள்ளே போவது

கவனத்துக்குள் போக ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையை எல்லாருக்கும் சொல்வேன். அடித்து முடித்ததும் கழற்றிப் பின்பையில் செருகுங்கள். அடுத்த பந்துக்குப் பத்தடி இருக்கும்போது மாட்டி, ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகு பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. நம் ஊர் வியர்வைக்குக் கையுறை கழற்றி மாட்டுவது கைக்கும் நல்லது. பேக்கில் இரண்டு வைத்திருங்கள், ஒன்பது குழிக்கு ஒன்று.

பிறகு பந்துக்குப் பின்னால் நில்லுங்கள். பக்கத்தில் வேண்டாம், பின்னால். முதலில் பந்து எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். நம் ஃபேர்வேகளில் (டீக்கும் குழிக்கும் நடுவிலுள்ள வெட்டிய புல்வெளி) பாதிக்கு மேல் அகலமான இலையுள்ள கௌ கிராஸ் புல். அதில் பந்து ஒரு சமயம் மேலே உட்காரும், ஒரு சமயம் இலைக்குள் புதையும். இரண்டுக்கும் ஒரே அடி உதவாது. அடுத்து காற்று. கொடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழியைச் சுற்றிய கிரீன் என்ற புல்தரை மரங்களுக்குள் ஒதுங்கியிருந்தால் கொடி அசையாமல் தொங்கும், மேலே செம்பனை மட்டைகள் ஆடிக்கொண்டிருக்கும். பந்து பறக்கப்போவது மட்டை ஆடுகிற உயரத்தில்.

பிறகு ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து, வாய்க்குள் மெல்லச் சொல்லுங்கள். “ஏழு அயர்ன், கிரீன் நடுவில்.” சொன்னால்தான் முடிவு முடிவாகும். மனத்துக்குள் மட்டும் வைத்திருந்தால் பந்தின் பக்கத்தில் போய் நின்ற பிறகும் ஆறா ஏழா என்று ஓடிக்கொண்டே இருக்கும். குறி சின்னதாக இருக்கட்டும். “அந்தச் செம்பனைப் பக்கம்” என்பது குறியில்லை. அந்த வரிசையில் மூன்றாவது மரம், அதில் காய்ந்து தொங்கும் மட்டை, அதன் நுனி. இது குறி. கண்ணுக்குச் சின்ன வேலை கொடுத்தால் மனம் அலைய இடம் கிடைக்காது.

மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு ஒத்திகை வீச்சு. இரண்டு வேண்டாம், இரண்டாவது வீச்சில் சந்தேகம் நுழைகிறது. இப்போது பந்தின் பக்கம் போங்கள். கால் வைத்து, குறியை இரண்டு தடவை பார்த்து, அடியுங்கள். அன்னிகா சொரென்ஸ்டாம் பத்து மேஜர் வென்றவர். அவருக்குப் பயிற்சி தந்த பியா நில்சன், பந்துக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். கோட்டுக்குப் பின்னால் யோசனை, கோட்டைத் தாண்டினால் ஆட்டம். கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு யோசனை வந்தால், எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும், திரும்பிக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். என் அண்ணன் மகனுக்கு இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. பின்னால் ஆள் காத்திருக்கிறார்களே என்று வெட்கப்பட்டுக்கொண்டு சந்தேகத்தோடே அடித்துவிடுவான். அப்படி அடித்த பந்து காட்டுக்குள் போனால் தேடுவதற்கு மூன்று நிமிடம். திரும்பிப் போவதற்கு ஐந்து வினாடி.

வரிசை எதுவாக இருந்தாலும் அதன் நேரம் மாறக் கூடாது. யாரையாவது கைப்பேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பதற்றம் வந்தால் சிலருக்கு 25 வினாடி 12 ஆகும், சிலருக்கு 45 ஆகும். நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், பதினாறாவது குழியில் கை நடுங்குவதற்கு முன்பே கடிகாரம் உங்களுக்குச் சொல்லிவிடும். தொலைக்காட்சியில் கேவின் கிரீன் ஆடும்போது நம் பிள்ளைகள் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறார்கள். 2017-இல் ஆசிய டூர் போட்டித் தொடரின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர் அவர். அவரையோ அவர் அளவுக்கு ஆடும் யாரையோ அடுத்த முறை பார்க்கும்போது, அடிக்கும் முன் அவர்கள் செய்வதை மட்டும் பாருங்கள். நீண்ட அடிக்கான டிரைவர் ஸ்டிக்குக்கும், நாலடி தூரத்திலிருந்து குழிக்கு உருட்டும் பட்டுக்கும் அந்தந்த வரிசை எப்படி மாறாமல் வருகிறது என்று எண்ணுங்கள்.

வெளியே வருவது

உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். அடி மோசமாகப் போனால் கோபம் வரும். வரட்டும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு: ஸ்டிக் பேக்குக்குள் போகும் வரை. அதுவரை திட்டலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், என்ன தப்பு நடந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். “தலை தூக்கிவிட்டேன்.” அவ்வளவு. ஸ்டிக் உள்ளே விழுந்ததும் அந்த அடி முடிந்தது.

நல்ல அடிக்கும் இதே எல்லை. இதைப் பெரும்பாலோர் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் பார்த்த வரையில் போகிக்குப் (குழிக்குரிய ‘பார்’ எண்ணிக்கையைவிட ஒரு அடி கூடுதல்) பிறகு வரும் குழியைவிட பேர்டிக்குப் (பாரைவிட ஒரு அடி குறைவு) பிறகு வரும் குழிதான் ஆபத்து. ஆட்டக்காரர் பந்துக்கு வந்த பிறகும் போன குழியில்தான் இருப்பார். முகத்தில் சிரிப்பு போகாது. டிரைவரை வழக்கத்தைவிட வேகமாக வீசுவார். பேர்டி அடித்தால் கூட ஆடுபவர்களோடு கைகுலுக்கி, அட்டையில் எழுதி, பட்டரை வைத்து, கையுறையைக் கழற்றி, அடுத்த டீக்கு நடக்கும்போது வேண்டுமென்றே வேறு எதையாவது பேசுங்கள்.

நடையில் என்ன செய்வது என்று கேட்பார்கள். தூரத்தைப் பாருங்கள். நாற்பது வினாடி பந்தையே பார்த்த கண்ணுக்கு ஜெராய் மலையின் விளிம்பு நல்ல ஓய்வு. எலிகளைப் பிடிக்க செம்பனைக்குள் ஆந்தைக்கு வைத்திருக்கும் மரப்பெட்டிகளை எண்ணுங்கள். கூட வருபவரிடம் மகள் படிப்பு எப்படி என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நடந்துகொண்டே ஸ்விங்கைத் திருத்துவது. ரவுண்டின் நடுவில் ஸ்விங்கைத் திருத்தியவர்கள் யாரும் அன்று நல்லபடியாக முடித்ததை நான் பார்த்ததில்லை. திருத்தம் ரேஞ்சுக்கு, அதாவது பயிற்சித் திடலுக்கு.

ஒரே குழியை இரண்டாம் தடவை ஆடுவது

நம் தோட்டத்துத் திடல்கள் பெரும்பாலும் ஒன்பது குழிதான். ஒன்பதை இரண்டு சுற்று வந்தால் பதினெட்டு. பெரிய பட்டணத்துக் கிளப்புகளில் ஆடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால் அவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கு இதுதான் மையமான விஷயம்.

மூன்றாவது குழியில் காலை எட்டு மணிக்குப் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தீர்கள். பத்தரை மணிக்கு அதே இடத்தில் பன்னிரண்டாவது குழி என்று நிற்கிறீர்கள். தண்ணீரும் அதே தண்ணீர். கண் தானாக அந்த இடத்தைத் தேடும். பந்தும் அங்கேயே போகும், அல்லது அதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் செம்பனைக்குள் போகும். முதல் சுற்றில் அங்கே பார் அடித்திருந்தாலும் நிம்மதி இல்லை. “அதே போல அடித்தால் போதும்” என்று அதே ஸ்டிக்கை எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் அடிப்பீர்கள்.

உண்மையில் அது அதே குழி இல்லை. காலையில் கிரீனில் பனி ஈரம், பந்து மெதுவாக உருண்டது. பத்தரைக்குள் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும், பந்து கூடுதலாக ஓடும். காலையில் காற்றே இல்லை. நிலம் சூடான பிறகு கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். நிழல் விழும் பக்கம் மாறியிருக்கும், அதனால் கிரீனின் சரிவு கண்ணுக்கு வேறாகத் தெரியும். உங்கள் உடம்பும் மாறியிருக்கும். முதல் சுற்றில் ஏழு அயர்னில் போன தூரம் களைத்த கையில் ஆறு அயர்னுக்குத்தான் போகும். எனவே இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு டீயிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: காலையிலிருந்து இங்கே என்ன மாறியிருக்கிறது? பதிலாக ஒன்றையாவது கண்டுபிடியுங்கள். காற்று, ஈரம், நிழல், டீ குறி வைத்த இடம், எது வேண்டுமானாலும். கண்டுபிடித்துவிட்டால் அந்தக் குழி புதுசாகிவிடும், தண்ணீரில் விழுந்த பழைய பந்து அதோடு போய்விடும்.

இன்னொன்று, ஸ்கோர் அட்டையை நடுவில் மடித்து முதல் ஒன்பது தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கூட்டிப் பார்த்தவர்கள் கணக்கோடுதான் எழுந்திருப்பார்கள். “இன்னும் 45 அடித்தால் 88.” அதற்கப்புறம் ஒவ்வொரு குழியிலும் கழித்தல் நடக்கும். மாதாந்திரப் போட்டி புள்ளிக் கணக்கான ஸ்டேபிள்ஃபோர்டாக இருந்தால் இது கொஞ்சம் எளிது. ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) கழித்துப் பார் என்றால் 2 புள்ளி, போகி என்றால் 1, பேர்டி என்றால் 3, அதற்கு மோசமாகப் போனால் 0. பூச்சியத்துக்குக் கீழே இல்லை. ஒரு குழி கெட்டுவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போய்விடலாம். புதிதாக ஆட வருபவர்களை முதலில் ஸ்டேபிள்ஃபோர்டில்தான் பழக்குவேன்.

தண்ணீர், சாப்பாடு, வெயில்

பின் ஒன்பதில் கவனம் போகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை போத்தல் தண்ணீர் குடித்தாய் என்றுதான். உடம்பு எடையில் இரண்டு விழுக்காடு அளவுக்கு நீர் போனாலே கவனமும் முடிவெடுக்கும் திறனும் மங்கத் தொடங்கும். அறுபது கிலோ உள்ளவருக்கு அது 1.2 லிட்டர். நம் வெயிலில் பேக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அது சீக்கிரமே போய்விடும். தாகம் வரும் வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு டீயிலும் மூன்று வாய். இரண்டாம் சுற்றுக்கு உப்பும் சேர்ந்த பானம் ஒன்று நல்லது, எலுமிச்சையோடு அசாம் போய் (உப்பிட்டுக் காயவைத்த பிளம்) போட்ட தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும்.

சாப்பாட்டில், ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு தோசை போதும். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடிந்த பிறகு. ஒன்பது முடிந்து கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலம் பிரித்தால் பத்தாவது குழியில் கண் சொருகும். பேக்கில் பிசாங் எமாஸ் வாழைப்பழம் நாலு, கச்சான் ஒரு பிடி வைத்துக்கொண்டு நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது, பதினைந்தாவது குழிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். குரங்குகள் பேக்கைத் திறக்கும், ஜிப்பை மூடி வையுங்கள். குடை மழைக்கு மட்டுமில்லை, காத்திருக்கும்போது பிடிக்க.

கூட ஆடுபவர்கள்

நாலு பேர் ஃப்ளைட்டில் ஒருவராவது பேச்சை நிறுத்தாதவர் இருப்பார். அவரை மாற்ற முயலாதீர்கள். நடையில் அவரோடு நன்றாகப் பேசுங்கள், கையுறை மாட்டும்போது பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். பேசி முடித்த திருப்தி இருந்தால் நீங்கள் தள்ளிப் போவது அவருக்கு வருத்தமாக இராது. கேட்காமலே ஸ்விங் சொல்லிக்கொடுப்பவர் வேறு. அவரிடம் “அண்ணே, ஆட்டம் முடிஞ்சதும் ரேஞ்சில காட்டுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் கிளப்பில் இது எப்போதும் வேலை செய்திருக்கிறது.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம், மேனேஜரோடு ஒரே ஃப்ளைட்டில் விழுவது. தாத்தா காலத்திலிருந்து துரைக்கு முன்னால் ஒதுங்கி நின்று பழகிய குடும்பங்கள் நம்முடையவை. சார் காத்திருக்கிறாரே என்று அவசரமாக அடிப்பார்கள், சார் பந்தைத் தேடுவதில் தன் பந்தை மறப்பார்கள். மரியாதையை நடையில் காட்டுங்கள். அவர் பந்தைத் தேடிக்கொடுங்கள், கொடியைப் பிடியுங்கள், அவர் பட்டுக்கு அசையாமல் நில்லுங்கள். உங்கள் நாற்பது வினாடி உங்களுடையது. அதை எந்தப் பதவிக்கும் குறைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. நன்றாக ஆடும் மேனேஜர்களுக்கு இது தெரியும்.

குழிக்கு இரண்டு வெள்ளி என்று பந்தயம் வைத்து ஆடுவது எனக்குப் பிடிப்பதில்லை. வைத்தே தீருவேன் என்றால் கணக்கு எழுத ஒருவரை மட்டும் நியமித்து, பதினெட்டு முடியும் வரை அவர் வாய் திறக்கக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். கைப்பேசி பேக்கின் அடிப்பையில். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மணி வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் எது வந்தாலும் முதலிலிருந்து

செம்பனைக் குலை ஏற்றிய லாரி கியர் மாற்றும். மாடு ஃபேர்வேயில் படுத்திருக்கும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி நாள் முழுக்கப் பாடும். தொடர்ந்து வரும் சத்தம் ஆட்டத்தைக் கெடுக்காது, சிறிது நேரத்தில் காது அதை விட்டுவிடும். திடீரென்று வருவதுதான் கெடுக்கும். விதி ஒன்றுதான்: கோட்டைத் தாண்டிய பிறகு எது குறுக்கே வந்தாலும் கோட்டுக்குப் பின்னால் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்குங்கள். பாதியிலிருந்து தொடராதீர்கள்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் 1970-ஆம் ஆண்டு செயின்ட் ஆன்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டி. கடைசி நாள், கடைசி கிரீன். டக் சாண்டர்ஸுக்கு மூன்றடி அளவிலான ஒரு பட் மிச்சம். விழுந்தால் பட்டம். பந்தின் மேல் நின்றவர், வழியில் பழுப்பாக ஏதோ கிடப்பதைப் பார்த்து, கால்களை எடுக்காமல் அப்படியே குனிந்து அதை அகற்றப் போனார். காய்ந்த புல். நிமிர்ந்து, பின்வாங்காமல் அப்படியே அடித்தார். பந்து குழியின் வலப்பக்கமாகப் போனது. மறுநாள் பதினெட்டுக் குழி ஆட்டத்தில் ஜாக் நிக்லஸ் ஒரு அடியில் வென்றார். சாண்டர்ஸ் கடைசி வரை ஒரு மேஜர் பட்டமும் வெல்லவில்லை. குட்டிப் பட் என்று விட்டேற்றியாக அடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே முகம் மாறும்.

பந்து தொலைவதும் கவனத்தைத் தொலைக்கும். செம்பனைக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அங்கிருந்து நகர்வதற்கு முன்பே பழையது கிடைக்காவிட்டால் தொடர, தற்காலிகப் பந்து ஒன்றை அறிவித்து ஆடிவிடுங்கள். தேட இப்போது மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. மூன்று நிமிடம் ஓடியதும் மனத்தை அங்கே விட்டுவிட்டு வராமல் கையோடு கொண்டு வாருங்கள்.

மழைக்கு வருகிறேன். ஜெராய் உச்சியை மேகம் மூடி, நிறம் கறுத்தால் நாங்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பிப்போம். உலகில் இடி மின்னல் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நீளமாக ஒரே சைரன் ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும், அடிக்கப் போன பந்தையும் அடிக்கக் கூடாது. சிறிய கிளப்புகளில் சைரன் ஊத ஆள் இல்லாமல் இருக்கலாம். மின்னல் ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் நீங்களே ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. மேலே சொன்ன டிரவினோவை 1975-இல் சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் ஓப்பனில் மின்னல் தாக்கியது. உயிர் தப்பினாலும் முதுகுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மரத்தடியில் ஒதுங்காதீர்கள், ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள்.

மழை விட்டுத் திரும்ப ஆடுவதை முதல் டீயாக எண்ணுங்கள். பெரும்பாலோர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்று குளிர்ந்த உடம்போடு அடிக்கிறார்கள். தோள்களைச் சுழற்றுங்கள், நாலு ஒத்திகை வீச்சு வீசுங்கள், கிரீன் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று காலால் அழுத்திப் பாருங்கள். ஒரு மணி நேரம் கேன்டீனில் அரட்டை அடித்த மனம் உடனே திரும்பாது. முதல் இரண்டு குழிகளுக்குக் கிரீன் நடுவைத் தவிர வேறு எதையும் குறி வைக்காதீர்கள்.

கடைசி மூன்று குழி, பிறகு அட்டை

பதினாறிலிருந்து வேலை குறைவு. வரிசையை மாற்றாதீர்கள், மூச்சை இன்னும் கொஞ்சம் மெதுவாக விடுங்கள், தண்ணீர் குடியுங்கள். இன்று நன்றாகப் போகிறது என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மலையைப் பாருங்கள்.

பதினெட்டாவது கிரீனில் பந்து விழுந்ததும் ஆட்டம் முடியவில்லை. 1968 மாஸ்டர்ஸில் ரொபெர்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில் 3 அடித்தார். அவர் அட்டையை எழுதிய டாமி ஆரன் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்திட்ட கூடுதல் எண்தான் செல்லும் என்பது விதி. 65 அடித்தவருக்கு 66 ஆனது, பாப் கோல்பியோடு சமமாக நிற்க வேண்டியவர் ஒரு அடியில் தோற்றார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள்.

ஆகவே நிழலில் உட்கார்ந்து, கையுறையை இன்னொரு தடவை மாட்டிக்கொண்டு, குழி குழியாக எழுதியவரோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். சில கிளப்புகளில் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள், அங்கேயும் இதே. கொடுத்த பிறகு ஒரு சின்ன நோட்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எந்தெந்த அடிக்கு வரிசையைத் தவறவிட்டேன், அதற்கு முன்னால் என்ன நடந்தது. எத்தனை அடித்தேன் என்று எழுத வேண்டாம், அது அட்டையில் இருக்கிறது. நாலைந்து வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். என் அண்ணன் மகனுக்கு அது முன்னால் உள்ள ஃப்ளைட்டுக்காகக் காத்திருக்கும் நேரம். காத்திருக்கும்போதே கையுறையை மாட்டிக்கொண்டு நின்று, முறை வருவதற்குள் கவனம் தீர்ந்துபோய்விடுகிறது. இப்போது முன்னால் உள்ளவர்கள் கிரீனை விட்டு இறங்கும் வரை கையுறையைத் தொடுவதில்லை.

வாரநாட்களில் ரேஞ்சுக்குப் போக முடிந்தால் ஒரு கூடைப் பந்தை விறுவிறுவென்று அடித்துத் தீர்க்காதீர்கள். இருபது பந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கையுறை, பின்னால் நிற்பது, குறி, மூச்சு, முழு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கை மாற்றுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.